மடி சுடாமல் இருக்க ஓர் உறை

செவ்வாய்க்கிழமை, மார்ச் 11

இன்று செய்த பிழை: காலையில் அம்மாவிடம் "மடி சுடுதும்மா" என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியது, "லேப்டாப் சூடாகுதும்மா."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறீர்கள் என்றால் என் அம்மாவோடு நீங்கள் வாழ்ந்ததில்லை. மடி சுடுகிறது என்று சொன்னால் அம்மா மடிக்கு ஏதாவது செய்வாள். செய்துவிட்டாள். சாயங்கால வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், மடிக்கணினிக்கு அவள் தைத்துப் போட்டிருக்கும் உறைக்குள் இன்னோர் அடுக்குப் பஞ்சு ஏறியிருக்கிறது. உறை தடித்ததால் கணினி இன்னும் சுடுகிறது. கணினி சுட்டால் நான் மறுபடியும் மடி சுடுகிறது என்பேன். இப்படியே போனால் ஒரு நாள் நான் மெத்தைமேல் டைப் அடித்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கதை அந்தப் பஞ்சிலிருந்து கிளம்பியது. மறைக்க ஒன்றுமில்லை.

1

என்னைப் பற்றிச் சுருக்கமாக. மருந்துகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் இடத்தில் வேலை. அட்டையில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி சரிதானா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். சாயங்காலங்களில் கதை எழுதும் வகுப்பு. வகுப்பு நடப்பது சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். நாற்காலிகள் அவர்கள் அளவுக்குச் செய்தவை. ஆகவே நாங்கள் எல்லாரும் முழங்காலை மோவாய்க்கு முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இலக்கியம் பேசுகிறோம்.

போன வகுப்பில் வாத்தியார் சொன்னார்: "எங்கேயோ தேடாதீங்க. உங்க கைக்குக் கீழ என்ன இருக்கோ அதை எழுதுங்க."

என் கைக்குக் கீழே இருப்பது இந்த மடிக்கணினி. சூடு ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் தானே அணைந்துவிடும். முன்கூட்டிச் சொல்வதெல்லாம் கிடையாது. வாக்கியம் பாதியில் நின்றாலும் அதற்குக் கவலையில்லை.

(ஆகையால் ஓர் அறிவிப்பு. இந்தக் கதையில் அறுந்து தொங்கும் வாக்கியங்களை நான் அறுக்கவில்லை. வகுப்பில் யாரும் அதை உத்தி என்று பாராட்டிவிடாதீர்கள். எனக்குப் பாராட்டு வேண்டாம் என்றில்லை. இதற்கு வேண்டாம்.)

2

ஆரம்பங்கள். நான் எந்தக் கதையையும் ஒரே ஓர் ஆரம்பத்தை நம்பி விட்டுவிடுவதில்லை. பல எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாகத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒன்றை மூடினால் அதுதான் நல்ல ஆரம்பமாக இருந்திருக்குமோ என்று தோன்றிவிடும். அதனால் மூடுவதில்லை.

முதல் ஆரம்பம்: "வெப்பம் என்பது பிரபஞ்சத்தின் ஆதி மொழி. சூரியன் உச்சரித்த முதல் சொல். அம்மொழியில் இன்று ஒரு சிறு கருவி, தன் உலோக நெஞ்சு விம்ம, மானுடத்தை நோக்கி"

அணைந்துவிட்டது. நல்ல வேளை.

இரண்டாம் ஆரம்பம்: "நான் ஒரு மடிக்கணினி. எனக்கு வேர்க்கிறது."

இதை வாத்தியார் ஏற்கெனவே தடை செய்திருக்கிறார். "பொருள் பேசுற மாதிரி யாராவது கதை கொண்டுவந்தீங்கன்னா நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன்." முதல் வாரத்தில் குடை ஒன்று பேசியதாம். அதிலிருந்து மனிதர் மீளவில்லை.

மூன்றாம் ஆரம்பம்: "வியாழக்கிழமை காலை என் அக்காவுக்கு இன்டர்வியூ."

இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதிவிட்டு இரண்டு தடவை திரும்பப் படித்தேன். இதையே வைத்துக்கொள்கிறேன். மற்றவையும் திறந்தே இருக்கட்டும்.

3

அக்கா கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவள். அதிலும் படிக்கட்டு. வேறு யாருடைய வீட்டுக்குப் போனாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மாடிப்படியைப் பார்ப்பாள். "மூணாவது படி மட்டும் உயரம் ஜாஸ்தி" என்று காதில் சொல்வாள். அவள் வேலை பார்த்த அலுவலகம் வரைபடப் பிரிவையே மூடிவிட்டது. அதன்பின் பல மாதங்களாக வீட்டில் இருக்கிறாள். இப்போதுதான் ஓரிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடியோவில்தான் பேச்சு. பேசிக்கொண்டே, அவள் வரைந்த ஒரு படிக்கட்டைத் திரையில் எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்ட வேண்டும்.

அந்தப் படிக்கட்டு சுழலும்போதுதான் கணினி மூச்சு முட்டி அணைகிறது. வீட்டில் இருப்பதோ இந்த ஒரு கணினி.

வகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் வாத்தியார் ஒரே கேள்வி கேட்பார்: "இதுல யாருக்கு என்ன போகும்?" பதில் தயாராக இருக்கிறது, ஐயா. அக்காவுக்கு வேலை போகும். இன்னொரு தடவை.

அக்கா பயந்து நான் பார்த்ததில்லை. போன வாரம் ஒத்திகை பார்க்கும்போது, படிக்கட்டு பாதி சுழன்ற நிலையில் திரை கறுத்தது. அந்தக் கறுப்புத் திரையில் அவள் முகம் தெரிந்தது, அது

(அணைந்தது. ஆற வைத்துவிட்டு வந்தேன். அந்த முகத்தை இனி எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கணினிக்கு என்னைவிட நாகரிகம் தெரிந்திருக்கிறது.)

4

இப்போது அம்மா. இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். எழுத எழுத வில்லியாகிக்கொண்டே போகிறாள். அவள் அப்படி இல்லை.

அம்மா தையல்காரி. முன்னறையில் மெஷின். ஆஸ்பத்திரி ஊழியர்களின் உடுப்பு தைத்துக் கொடுப்பாள். மிஞ்சும் துணியில் வீட்டிலுள்ள சகலத்துக்கும் உறை. டிவி ரிமோட்டுக்கு, பிரிட்ஜ் கைப்பிடிக்கு, தண்ணீர் கேனுக்கு. குடையின் உறை நனையக் கூடாது என்று அதற்கொரு பிளாஸ்டிக் உறை. எங்கள் வீட்டில் எதையாவது தேடினால், முதலில் அது எந்தத் துணிக்குள் இருக்கிறது என்று தேட வேண்டும்.

மடிக்கணினியின் உறை நீலத் துணி. நாலு மூலையிலும் எலாஸ்டிக். அடிப்பாகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும்போதும் கழற்ற வேண்டியதில்லை. உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. கணினி மூச்சு விடுவது அடியில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாக. அந்தத் துளைகளின்மேல்தான் பஞ்சு உட்கார்ந்திருக்கிறது.

கழற்றிவிட்டால் போயிற்று என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அக்கா தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, கணினியை ஆள் அளப்பது போல அளந்தாள். அந்த வாரமே உறை தயார். ஒரு மூலையில், வெள்ளை நூலில், விரல் நகமளவுக்கு ஒரு படிக்கட்டு. எங்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. தைக்க வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை சித்தி, அம்மா தைத்துக் கொடுத்த ஜன்னல் திரை குட்டையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சித்தியின் பெயர் "குட்டைத் திரை." "குட்டைத் திரை போன் பண்ணிச்சா?" "குட்டைத் திரை வீட்டுல எல்லாரும் சௌக்கியமாம்." எனக்கு இந்த வயதில் புதுப் பெயர் வேண்டாம்.

புதன்கிழமை, மார்ச் 12

5

இன்று எனக்கு அரை நாள்தான் வேலை. காலையில் கணினியை ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டுப் போய், மதியம் வாங்க வந்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணுமே இல்லையே. காலைலேர்ந்து ஓட விட்டிருக்கேன். ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் தூசி இருந்துச்சு, ஊதிட்டேன்."

"வீட்டுல சுடுதுங்க."

"மெத்தை, தலகாணி இது மேல வெச்சு வேலை பாப்பீங்களா?"

"சேச்சே."

பொய் இல்லை. உறையைப் பற்றி அவர் கேட்கவில்லை. வருவதற்கு முன் அதைக் கழற்றி என் பைக்குள் திணித்திருந்தேன். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டு டாக்டரிடம் கொண்டுபோன மாதிரி இருக்கும் என்று வெட்கம். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போயிற்று.

"கெட்டியான பலகை மேல வைங்க. பின்பக்கம் லேசாத் தூக்கினாப்ல. ஓட்டை எதையும் அடைக்காதீங்க. தேவையில்லாதது ஓடிக்கிட்டு இருந்தா மூடிடுங்க. அப்புறம் ஐஸ் கீஸ் வெச்சிடாதீங்க, உள்ள வேர்த்துத் தண்ணி இறங்கிடும்."

"ஐஸ் எல்லாம் யாருங்க வைப்பாங்க," என்றேன். இது பொய்.

6

அக்கா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கவர்தான் காரணம்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மாட்டின அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"நீ சொல்லேன்."

"நீதான் பெரியவ."

"நீதான் கதை சொல்லப் படிக்கிறவ. வகுப்புக்கெல்லாம் போறே. முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்து என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க அங்க?"

பிறகு ஒப்புக்கொண்டாள். அம்மா உடுப்புகளைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் உறையைக் கழற்றி வைத்துவிட்டு வரைவாளாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி மாட்டுவாளாம். "கால உதறிக்கிட்டு ஓடுற குழந்தைக்கு டவுசர் போடுற மாதிரி இருக்கும்டீ." நானும் என் பங்குக்குச் சொன்னேன்: துணிக் கவ்விகளை உறைக்கு அடியில் சொருகிப் பார்த்தது, ஐஸ் பை வைத்தது. கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு அக்கா, மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு அம்மா வீட்டுலதான் இருப்பாங்க. எனக்காக ஆர்டர் எல்லாம் தள்ளி வெச்சிருக்காங்க. அவங்க கண்ணு முன்னாடி அதைக் கழட்ட என்னால முடியாது."

7

சாத்தியமான முடிவுகள்.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அம்மா, "உங்க இஷ்டம்" என்கிறாள். அந்த இரண்டு வார்த்தை விழுந்தபின் எங்கள் வீட்டில் கரண்டி சத்தம்கூடக் கேட்காது. அக்கா அந்த அமைதியில் உட்கார்ந்து பேச வேண்டும். வேண்டாம்.

முடிவு ஆ: பூனை ஒன்று உறையைக் கிழித்துவிடுகிறது. யார்மேலும் பழி இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பூனை கிடையாது. இந்த முடிவுக்காக ஒன்றைக் கொண்டுவந்தால், சாயங்காலத்துக்குள் அம்மா அதற்கும் உறை தைத்துவிடுவாள்.

முடிவு இ: யாரும் எதுவும் சொல்லவில்லை. வியாழன் காலை. படிக்கட்டு சுழல்கிறது. திரை

(இது கணினி அணைந்ததால் நின்றது அல்ல. நானே நிறுத்திவிட்டேன்.)

கடைக்குப் போய்வருகிறேன். இந்தக் கோப்பை மறந்துபோய்த் திறந்து வைத்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். மறக்கவில்லை. முன்னறையில், அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில், திரை அவளைப் பார்த்தபடி வைத்துவிட்டுத்தான் போகிறேன். வாயால் சொல்லத் துணிவில்லாதவர்கள் எதற்காகக் கதை எழுதுகிறார்கள் என்று இப்போது புரிகிறது. இது வகுப்பில் சொல்லிக் கொடுக்காதது.

8

திரும்பி வந்து பார்த்தபோது கீழே உள்ளது இருந்தது. ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

[சின்னவளே அம்மா எழுதுறேன் முற்றுப்புள்ளி எங்க இருக்குன்னு தெரியல அதனால நிக்காமப் போறேன் குட்டைத் திரைன்னு நான் ஒரே ஒரு தடவதான் சொன்னேன் அப்புறம் நீங்க ரெண்டு பேருந்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க அதை எடுத்துடு அவ படிச்சா வம்பு

லேப்டாப்பு மூச்சு விடும்னு எனக்கு எப்படித் தெரியும் என் மெஷினுக்கு எண்ணெய் விட்டாப் போதும் நீ சுடுது சுடுதுன்னே சுடுற பாத்திரத்தப் பிடிக்கத் தடிமனாத்தான துணி வேணும் அப்படித்தான் நினைச்சேன் தப்பா

ஆனா பெரியவளுக்கு முதல்லயே தெரியும்னு எழுதியிருக்கே அதுதான் எனக்குக் கோவம் வேலை போனதையும் அவ அப்படித்தான் சொல்லல ஒரு வாரம் தினம் சாப்பாடு கட்டிக்கிட்டுக் கிளம்பிப் போனா டப்பா அப்படியே திரும்பி வரும் நான் கேக்கல கேட்டா பொய் சொல்லுவாளேன்னு கேக்கல

நான் என்ன பூதமா

எந்தப் பக்கம் மூச்சு விடுதுன்னு உறைல சாக்பீஸால குறிச்சு வை ட்ரையல் பாக்காம நான் வெட்ட மாட்டேன்]

இதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். பிறகு போய்க் குறித்து வைத்தேன்.

(குட்டைத் திரையை எடுக்கவில்லை. அதை எடுத்தால் நாங்கள் பயந்ததற்குக் காரணமே இல்லாமல் போகும். அம்மா மன்னிக்க வேண்டும். சித்தி கதை படிக்கிறவள் இல்லை.)

9

உறையின் அடிப்பாகத்தைப் பிரித்துப் பஞ்சை முழுக்க உருவினாள் அம்மா. குறித்த இடங்களை வெட்டியெடுத்து, உடுப்புகளின் அக்குளில் வைக்கும் வலைத்துணியைப் பொருத்தினாள். வெள்ளைப் படிக்கட்டு இருந்த மூலையைத் தொடவில்லை. அக்கா பக்கத்தில் நின்று ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.  அம்மா ஒருமுறை கத்தரியை நீட்டிய விதத்திலேயே எல்லாம் கேட்டுச் சொல்லி முடித்தது போலிருந்தது.

அப்புறம் ட்ரையல். அக்கா மேசையில். அம்மா என் போனை வைத்துக்கொண்டு சமையலறையில். இன்டர்வியூ எடுப்பவர் அவள்தான்.

"வணக்கம்."

"வணக்கம் மேடம்."

"சாப்டீங்களா?"

"அம்மா, அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"ஏன், பட்டினி போட்டுத்தான் ஆள் எடுப்பாங்களா? சரி. உங்க படிக்கட்டக் காட்டுங்க."

படிக்கட்டு சுழல ஆரம்பித்தது. நான் கணினியின் விலாவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முட்டி வலிக்காரங்க இதுல ஏற முடியுமா?" என்றாள் அம்மா, போனிலிருந்து.

 அக்கா தன் அலுவலகக் குரலில் பேசத் தொடங்கினாள். பல மாதங்களாக நாங்கள் கேட்காத குரல். படியின் உயரத்தை ஏன் குறைத்தாள், நடுவில் நின்று மூச்சு வாங்கத் தளம் எங்கே வைத்தாள், கைப்பிடி ஏன் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றெல்லாம். சமையலறையிலிருந்து "ம்", "ம்" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அப்போது கணினியின் விசிறி அலற ஆரம்பித்தது.

வலைத்துணி போட்டாகிவிட்டது. பஞ்சு எடுத்தாகிவிட்டது. அப்படியும் அலறுகிறது. அக்கா படிக்கட்டை நிறுத்திவிட்டு, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தாள். வரிசையாக வந்தது.

"இதெல்லாம் என்னடீ?"

"ஆரம்பங்கள்."

"எத்தனை கதைக்கு?"

"இந்த ஒண்ணுக்குத்தான்."

"இது என்ன, மழை பெய்யுற வீடியோ? சத்தமே கேக்கலியே."

"சத்தத்தக் குறைச்சு வெச்சிருக்கேன். பின்னால சும்மா ஓடிக்கிட்டு இருந்தாப் போதும். ஒரு மனநிலைக்கு."

"யாரோட மனநிலைக்கு?"

"கதையோட."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "அப்ப கவர் மட்டும் காரணம் இல்ல. அதையும் எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். தேவையில்லாததை மூடுங்கள் என்று கடைக்காரர் சொன்னதையும் 5-இல் நானேதான் எழுதியிருக்கிறேன். எழுதியதை நான் படிப்பதில்லை என்று தெரிகிறது.

மழையை மூடினோம். ஆதி மொழியை மூடினோம். வேர்க்கும் மடிக்கணினியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை படித்துக்கொண்டேன். விசிறி மெல்ல இறங்கியது. படிக்கட்டு மறுபடி சுழன்றது, ஒரு சுற்று முழுதாக, இன்னொரு சுற்று. அணையவில்லை. கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நாளைக்குக் கவர் போட்டு வெச்சுக்கிறியா, கழட்டிட்டு வெச்சுக்கிறியா?"

அக்கா கட்டைவிரலால் அந்த வெள்ளைப் படிக்கட்டைத் தடவினாள். 

"உன் இஷ்டம்," என்றாள் அம்மா.

 ஆனால் இது முடிவு அ-வில் வரும் "இஷ்டம்" போல ஒலிக்கவில்லை. அப்படித்தான் எனக்குக் கேட்டது. உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.

10

முடிவை உங்களிடம் விடுகிறேன். வலைத்துணி உறையோடு ட்ரையல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ட்ரையலில் எதிரே இருந்தது அம்மா ஒருத்தி, அதுவும் போனில். நாளைக்குத் திரையில் பல முகங்கள் இருக்கும். கணினிக்குப் பாரம் கூடும். உறை இல்லாமல் வைப்பது பத்திரம். உறையோடு வைத்தால் அக்காவின் கைக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிப் படிக்கட்டு இருக்கும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எழுத வருகிறது. அதுதான் என் வியாதி.

நாளை சாயங்காலம் வகுப்பில் இதைப் படிக்கும்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கும். வாத்தியார் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்பார். வாயால் சொல்வேன். இதற்குள் எழுத மாட்டேன். திறந்திருக்கும் கோப்புகளில் மிச்சம் இந்த ஒன்றுதான், இதையும் மூடிவிட்டு இன்டர்வியூ முடியும்வரை திறக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

நாளைய வேலை: மேசையை ஜன்னல் பக்கம் தள்ள வேண்டும். கணினியின் பின்பக்கத்தைத் துணிக் கவ்விகள்மேல் உயர்த்தி வைக்க வேண்டும். அக்கா உட்காருவதற்கு முன் எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இதுவும் சேர்த்து.